தகவல் உரிமைச் சட்டத்தை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்டத்தின் வாசகத்தையே அதன் நடைமுறையாக எண்ணிக்கொள்வது முதல் தவறு. தகவல் உரிமைச் சட்டங்களின் வாசகத்தை மட்டும் அளக்கும் உலகத் தரவரிசை ஒன்றில், 150க்கு 139 மதிப்பெண் பெற்று முதலிடத்துக்கு வந்தது ஆப்கானிஸ்தான். 2021இல் தாலிபான் ஆட்சி திரும்பிய பின் அந்த மதிப்பெண்ணுக்கு என்ன பொருள் இருக்க முடியும்?

இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆராய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது வேறோர் இடத்தில். மனுவுக்குப் பதில் வந்ததையும் தகவல் கிடைத்ததையும் அவர்கள் ஒன்றாகக் கணக்கிட்டுவிடுகிறார்கள். 30 நாட்களுக்குள் பொதுத் தகவல் அலுவலர் அனுப்பும் கடிதத்தில், கேட்ட ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை என்றோ, மனு பிரிவு 6(3)இன் கீழ் வேறு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது என்றோ மட்டும் இருக்கலாம். ஐந்து கேள்விகளில் எளிதான இரண்டுக்கு மட்டும் விடை இருக்கலாம். மனுவையும் பதிலையும் அருகருகே வைத்துக் கேள்வி வாரியாகப் படிக்காத எந்த ஆய்வையும் என்னால் நம்ப முடிவதில்லை.

மறுப்பு விகிதத்திலும் இதே கவனம் தேவை. கெடுவுக்குள் முடிவு சொல்லாவிட்டால் அதை மறுப்பாகவே கருத வேண்டும் என்கிறது பிரிவு 7(2). ஆனால் மேல்முறையீடுகளை விசாரிக்கும் தகவல் ஆணையத்தின் ஆண்டறிக்கைக்கான எண்ணிக்கைகளை அலுவலகங்களே தருகின்றன. பதிலே அனுப்பாத அலுவலகம் தன் மௌனத்தை மறுப்பு என்று எழுதிக் கொடுக்கும் என எதிர்பார்ப்பது பேதைமை.

துறைக்குள் செய்த முதல் மேல்முறையீட்டிலும் தகவல் கிடைக்காதவர்கள் ஆணையத்திடம் செய்யும் இரண்டாம் மேல்முறையீடுகளின் நிலுவை குறைந்தால் உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. அவை விசாரித்து முடிக்கப்பட்டனவா, குறை சுட்டித் திருப்பி அனுப்பப்பட்டனவா, அல்லது காத்திருந்து சலித்த மக்கள் மேல்முறையீடு செய்வதையே விட்டுவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். இவற்றை முடிக்க ஆணையங்களுக்குச் சட்டம் காலக்கெடு விதிக்கவில்லை என்பதால், ஆணையர் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதே தகவலை மறுப்பதற்கு ஒப்பாகிவிடுகிறது. தகவல் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை விதிக்கத்தக்க அபராதம், விதிக்க வேண்டிய வழக்குகளில் எத்தனையில் உண்மையாகவே விதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மனுக்கள் பெருகுவதை வெற்றியாகக் கொள்வது இன்னொரு பிழை. மானியத் திட்டப் பயனாளிகளின் விவரம் உட்பட 17 வகைத் தகவல்களை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்பது பிரிவு 4(1)(ஆ). ஓர் ஊரில் அந்தப் பட்டியலைக் கேட்டே மனுக்கள் குவிகின்றன என்றால், அங்கே அந்தப் பிரிவு நிறைவேற்றப்படவில்லை என்றே மதிப்பீட்டில் பதிய வேண்டும்.