மாதம் இரண்டு ரவுண்டுதான் கிடைக்கிறதா? கிருஷ்ணகிரி, தருமபுரி இளைஞர்கள் கோல்ஃப் ஹேண்டிகேப்பை இறக்கும் வழி

கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ இருந்துகொண்டு கோல்ஃப் ஆடுகிற இளைஞருக்கு முதல் தொல்லை ஸ்விங் இல்லை, தூரம்தான். பதினெட்டுக் குழி ஆட வேண்டுமென்றால் ஓசூர்ப் பக்கம் போக வேண்டும், இல்லாவிட்டால் அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூரு. பள்ளி, டியூஷன், பரீட்சை எல்லாம் போக மாதம் இரண்டு ரவுண்டு கிடைத்தாலே பெரிது. பெங்களூருப் பிள்ளைகள் தினமும் ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) இருநூறு பந்து அடிக்கிறார்களே என்று ஏங்க வேண்டாம். ஹேண்டிகேப் என்பது ஆட்டத் திறனைச் சொல்லும் எண், குறையக் குறைய நல்லது. 24 ஹேண்டிகேப்பை 15-க்குக் கொண்டுவரத் தேவையான வேலையில் பெரும்பகுதியை வீட்டு வாசலிலேயே முடிக்கலாம். அது எப்படி என்று புரிய முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

கணக்கு எப்படி ஓடுகிறது

உலக ஹேண்டிகேப் முறை 2020-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் அதை நடத்துவது இந்திய கோல்ஃப் யூனியன். ஹேண்டிகேப் தொடங்க மொத்தம் 54 குழிகளுக்கான ஸ்கோர் வேண்டும். அதாவது மூன்று முழு ரவுண்டு. உச்சவரம்பு 54.0. ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரு டிஃபரென்ஷியல் கிடைக்கும். உங்கள் ஸ்கோரிலிருந்து மைதானத்தின் கோர்ஸ் ரேட்டிங்கை (கைதேர்ந்தவர் அங்கே எடுக்கக்கூடிய ஸ்கோர்) கழித்து, 113-ஆல் பெருக்கி, ஸ்லோப் எண்ணால் (சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கடினம் என்பதன் அளவு) வகுக்க வேண்டும். 95 அடித்தீர்கள், ரேட்டிங் 71.2, ஸ்லோப் 126 என்று வையுங்கள். 95-இல் 71.2 போனால் 23.8, அதை 113-ஆல் பெருக்கி 126-ஆல் வகுத்தால் 21.3. அன்றைய வானிலை, மைதான நிலைமைக்காக ஹேண்டிகேப் முறை தானாகவே ஒரு சிறு திருத்தம் செய்யலாம், பெரும்பாலும் அது பூஜ்யம்தான்.

கடைசி இருபது ரவுண்டில் சிறந்த எட்டு டிஃபரென்ஷியலின் சராசரிதான் உங்கள் ஹேண்டிகேப் இண்டெக்ஸ். மீதிப் பன்னிரண்டு ரவுண்டு எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதில் சேராது. ஆகவே ஹேண்டிகேப் என்பது உங்கள் சராசரி ஆட்டம் இல்லை, நன்றாக ஆடும் நாளின் அளவு. நல்ல நாளில் இரண்டு மூன்று குழிகள் கெட்டு அந்த ஸ்கோர் கார்டு எட்டுக்குள் வராமல் போவதைத் தடுப்பதுதான் வேலை. பேர்டி (குழிக்கு நிர்ணயித்த அடியைவிட ஒன்று குறைவாக முடிப்பது) அடிப்பது அல்ல.

புதிதாகத் தொடங்குகிறவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று. மூன்று கார்டு மட்டும் இருக்கும்போது, இருப்பதில் குறைந்ததை எடுத்து அதிலிருந்து 2.0 கழிப்பார்கள். ஐந்து கார்டு சேர்ந்ததும் அந்தக் கழிவு இல்லை. அதனால் முதலில் 22 என்று வந்தது, ஆட்டம் கெடாமலேயே 24-க்கு ஏறலாம். பயந்துபோய் கிரிப்பையும் கோச்சையும் மாற்ற வேண்டாம்.

ஒரு குழிக்கு ஏற்கப்படும் அதிகபட்சம் நெட் டபுள் போகி: பார் (குழிக்கு நிர்ணயித்த அடி எண்ணிக்கை), அதோடு இரண்டு, அதோடு அந்தக் குழியில் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை ஸ்ட்ரோக் (அடி). கோர்ஸ் ஹேண்டிகேப் (அந்த மைதானத்தில் உங்களுக்கு மொத்தம் கிடைக்கும் சலுகை அடி) 20 என்றால் எல்லாக் குழியிலும் ஒன்று, ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (குழிகளின் கடின வரிசை) 1, 2 குழிகளில் இரண்டு. சாதாரண பார் 4-இல் அதிகபட்சம் 7. ஒன்பது, பத்து அடித்தாலும் ஹேண்டிகேப் கணக்கில் 7 என்றுதான் ஏறும். ஒரு குழி நாசமானதும் மனம் உடைந்து அடுத்த குழியையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்பவர்கள் இதை நினைவில் வைத்தால் போதும்.

கார்டில் நான்கு குறிப்பு

ஸ்கோரை மட்டும் எழுதிய கார்டு எதையும் சொல்லாது. ஒவ்வொரு குழிக்கும் கூடவே நாலு விஷயம் குறியுங்கள்: டீ அடி (குழியின் முதல் அடி) எங்கே விழுந்தது, பெனால்டி எத்தனை, நூறு யார்டுக்குள் வந்தபின் கிரீன் (குழியைச் சுற்றி மட்டமாக வெட்டிய புல்தரை) ஏற எத்தனை அடி, பட் (கிரீனில் பந்தை உருட்டும் அடி) எத்தனை. இரண்டு ரவுண்டிலேயே ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். இருபதுக்கு மேல் ஹேண்டிகேப் உள்ளவர்களின் கார்டில் அநேகமாக மூன்றுதான் திரும்பத் திரும்ப வரும்: டீயிலிருந்து எல்லைக்கு வெளியே போன பந்து, கிரீன் ஓரத்தில் இரண்டு சிப் (கிரீனுக்கு ஏற்றும் குட்டை அடி), மூன்று பட்.

முதலாவதற்குப் பயிற்சியே வேண்டாம், முடிவு போதும். எல்லைக்கு வெளியே போனால் ஒரு ஸ்ட்ரோக் தண்டனை, அடித்த இடத்துக்கே திரும்பி மறுபடி அடிக்க வேண்டும். டீயில் நின்றபடியே மூன்றாவது அடி. 370 யார்டு பார் 4-ஐ 160, 140, 70 என்று பிரித்துப் பாருங்கள். டிரைவர் என்னும் மிக நீண்ட கிளப்பே இல்லாமல் மூன்றில் கிரீன், இரண்டு பட், போகி (பாரைவிட ஒன்று கூட). இருபது ஹேண்டிகேப்காரருக்கு, சலுகை அடி ஒன்று போக, அது நெட் பார். ஒரு பக்கம் எல்லைக் கம்பும் மறுபக்கம் தண்ணீரும் இருக்கும் குழியில் டிரைவரைப் பையிலேயே விடுங்கள். கூட ஆடுகிறவர் சிரித்தால் சிரிக்கட்டும், கார்டில் கையெழுத்துப் போடப்போவதும் அவர்தான்.

பந்து போன இடம் சந்தேகமாக இருந்தால், தேடப் போகுமுன் ‘ப்ரொவிஷனல்’ என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொரு பந்து அடியுங்கள். சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டப் பந்தாகிவிடும். தேட மூன்று நிமிடம்தான்.

ஜமுக்காளத்தில் பட்டிங்

வீட்டில் ஒரு பவானி ஜமுக்காளம் இருந்தால் சிமெண்ட் தரையில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். பட்டரின் தலையை விட ஒரு சென்டிமீட்டர் அகலமாக இரண்டு பாட்டில் மூடிகளை வைத்து, நடுவில் பந்து. மூன்றடி தள்ளி இலக்கு. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். நீங்கள் டம்ளரையோ ஒற்றை நாணயத்தையோ வையுங்கள். சின்ன இலக்கில் பழகினால் குழி அகலமாகத் தெரியும். மூடி தட்டாமல் தொடர்ந்து இருபது போட வேண்டும். பத்தொன்பதில் தட்டினால் மறுபடி ஒன்றிலிருந்து. கடைசி ஐந்தில் கை இறுகுவது தெரியும். போட்டியில் வரும் அதே இறுக்கம்தான் அது, வீட்டிலேயே பழகிக்கொள்வது நல்லது.

மூடி எப்போதும் கால்விரல் பக்கம் தட்டினால் பட்டரை வெளிவட்டமாகக் கொண்டுபோகிறீர்கள் என்று பொருள். குதிகால் பக்கம் தட்டினால் உள்ளே இழுக்கிறீர்கள். தலையைத் தூக்கிப் பந்தைப் பார்ப்பதுதான் இரண்டுக்கும் பொதுவான காரணம். பந்து போன சத்தம் கேட்கும்வரை தலை அசையாமல் இருக்கட்டும்.

நீண்ட பட்டை வீட்டில் பழக முடியாது. மைதானத்துக்கு இருபது நிமிடம் முன்னால் போய், முப்பதடியிலிருந்து மூன்று பந்து, குழியைக் குறி வைக்காமல் குழியைச் சுற்றி மூன்றடி வட்டத்துக்குள் நிற்பதைக் குறி வையுங்கள். உலகின் முதல் வரிசைத் தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடி பட்டில் ஏறத்தாழ பாதியைத்தான் போடுகிறார்கள். முப்பதடியைப் போட முயன்று ஆறடி தாண்டவிடுவதில் லாபமில்லை. மார்கழிக் காலையில் பனி காயாத கிரீனில் பந்து ஊரும். பத்து மணிக்குப் பிறகு அதே கிரீனில் ஓடும். காலை ஏழு மணிக்குப் பழகிய வேகத்தைப் பதினைந்தாம் குழிவரை நம்பக் கூடாது.

பட்டிங்கின் மதிப்பு தெரிய வேண்டுமானால் அதிதி அசோக்கைப் பாருங்கள். பெங்களூரில் வளர்ந்தவர், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம். கூட ஆடிய பலரைவிட அவருடைய டிரைவ் குறைந்த தூரம்தான் போனது. அவரைப் பதக்கத்துக்கு அவ்வளவு பக்கத்தில் நிறுத்தியது பட்டர்.

கோலமாவும் மாங்காய்க் கிரேட்டும்

சிப் அடிப்பதில் நடக்கும் தவறு இரண்டு. மண்ணை முதலில் கொத்துவது ஒன்று, பந்தின் நடுவயிற்றில் தட்டிக் கிரீனைத் தாண்டி ஓடவிடுவது இன்னொன்று. பார்க்க வேறுவேறு, வேர் ஒன்றுதான்: பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று எடையைப் பின்காலில் வைத்து மணிக்கட்டால் அள்ளுவது. தூக்கும் வேலையை வெட்ஜின் (முகம் நன்றாகச் சாய்ந்த கிளப்) சாய்வு பார்த்துக்கொள்ளும்.

நம் செம்மண் தரை இதற்கு அருமையான வாத்தியார், புல்லைப்போலத் தவறை மறைக்காது. கல் பொறுக்கிய ஒரு துண்டு இடத்தில் கோலமாவால் நேர்கோடு போடுங்கள். கால்களைச் சேர்த்து, எடையில் முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவாக முன்காலில் வைத்து, கைகள் பந்துக்குக் கொஞ்சம் முன்னே இருக்க, முதலில் பந்தே இல்லாமல் கோட்டின் மேல் வீசுங்கள். கிளப் தொட்ட தடம் கோட்டின் மேலோ அதற்கு இலக்குப் பக்கமோ விழ வேண்டும். கோட்டுக்குப் பின்னால் விழுந்தால் எடை பின்காலில் இருக்கிறது. பத்தில் எட்டு சரியாக வந்தபின் கோட்டின் மேல் பந்தை வையுங்கள். இதற்குப் பழைய கிளப் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள், செம்மண்ணில் கிடக்கும் சரளை முகத்தைக் கீறிவிடும்.

பத்தடி, இருபதடி, முப்பதடியில் மாங்காய்க் கிரேட் மூன்று. கிரேட்டுக்குள் போட வேண்டியதில்லை. அதன் முன் விளிம்பருகே பந்து முதல் முறை தரை தொட வேண்டும். சிப்பில் நீங்கள் குறி வைக்க வேண்டியது குழியை அல்ல, பந்து விழும் இடத்தை. எங்கே விழ வேண்டும் என்று முடிவானபின் கிளப்பைத் தேர்ந்தெடுங்கள்: சமமான கிரீனில் தோராயமாக, பிட்சிங் வெட்ஜ் பறந்த தூரத்தைப்போல ஒன்றிரண்டு மடங்கு உருளும், முகச் சாய்வு குறைந்த 7 அயர்ன் நான்கைந்து மடங்கு. பங்குனி, சித்திரையில் கிரீன் முன்பகுதி காய்ந்து இறுகியிருக்கும். அப்போது 60 டிகிரி வெட்ஜை எடுத்து உயரத் தூக்குவது வேண்டாத வம்பு. 8 அயர்னால் தரையோடு ஓட்டிவிடுவதே பத்திரம்.

வீட்டுப் பக்கம் முழு ஸ்விங் அடிக்க ஓட்டைப் பிளாஸ்டிக் பந்து மட்டும். உண்மையான பந்து 45 கிராம் எடை. மாடு மேய்க்கிறவர், பைக்கில் போகிறவர் யார்மேல் பட்டாலும் விபரீதம்தான்.

தூரப் பட்டியல்

வெட்ஜ் ஒவ்வொன்றுக்கும் மூன்று ஸ்விங் அளவு வைத்துக்கொள்ளுங்கள்: கை இடுப்பு உயரம், நெஞ்சு உயரம், முழுசு. ரேஞ்சுக்குப் போகும் நாளில் ஒவ்வொரு அளவிலும் பத்துப் பந்து அடித்து, மிக நீண்ட இரண்டையும் மிகக் குறைந்த இரண்டையும் விட்டுவிட்டு, மீதி ஆறும் விழுந்த தூரத்தின் சராசரியை எழுதுங்கள். உருண்ட தூரம் வேண்டாம். எல்லோரும் தங்கள் மிகச் சிறந்த ஒரே அடியைத் தங்கள் தூரம் என்று நினைத்துக்கொள்வதால்தான் பந்து எப்போதும் கிரீனுக்கு முன்னாலுள்ள பங்கரில் (மணல் பள்ளத்தில்) விழுகிறது.

ஓசூர், பெங்களூரு பக்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்று லேசாக இருப்பதால் 150 யார்டு அடி சென்னையைவிட நாலைந்து யார்டு கூடுதலாகப் பறக்கும். சென்னையில் போட்டிக்குப் போகிறவர்கள் அரை கிளப் கூட்டி, அதாவது சற்று அதிகத் தூரத்துக்கான கணக்கில், எடுக்க வேண்டும். ஆடி மாதக் காற்றில் எதிர்காற்று என்றால் பலமாக அடிக்காதீர்கள். பலமாக அடித்தால் சுழற்சி கூடிப் பந்து இன்னும் மேலே ஏறி நின்றுவிடும். ஒரு கிளப் கூட்டி, முக்கால் ஸ்விங்.

அப்பாவின் செட்டை அறுத்துக் குட்டையாக்கித் தரும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அறுத்தால் தண்டு விறைக்கும். பையனின் வேகத்துக்கு அது வளையாமல் பந்து தாழ்வாக வலப்பக்கம் போகும். விதி 14 கிளப் வரை அனுமதிக்கிறதே தவிர அவ்வளவு இருந்தாக வேண்டும் என்பதில்லை. உயரத்துக்குப் பொருந்திய ஏழு போதும். வளரும் வயதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீளம் சரிபாருங்கள்.

நடந்து ஆடினால் நாலரை மணி நேரம் ஆகலாம். கடைசி நாலு குழியில் மட்டும் ஸ்கோர் சரிகிறதா? ஸ்விங்கைக் குறை சொல்லுமுன் மோரும் கடலை மிட்டாயும் கொண்டுபோனீர்களா என்று பாருங்கள். மூன்று குழிக்கு ஒருமுறை, தாகம் எடுக்குமுன்பே.

முழு ரவுண்டுக்கு நேரமில்லாத ஞாயிற்றுக்கிழமை ஒன்பது குழி ஆடினாலும் ஸ்கோர் ஏற்கப்படும். மீதி ஒன்பதுக்கு உங்கள் ஹேண்டிகேப்பை வைத்து எதிர்பார்ப்பு ஸ்கோர் சேர்த்து 2024 முதல் முழு டிஃபரென்ஷியலாக்குகிறார்கள். தனியாக ஆடக் கூடாது, கூட ஒருவர் இருக்க வேண்டும். மோசமான கார்டை மறைக்காமல் அன்றைக்கே பதியுங்கள். இருபது கார்டு சேர்ந்தபின், ஓராண்டின் மிகக் குறைந்த இண்டெக்ஸிலிருந்து 3.0-க்கு மேல் ஏறுவதில் பாதிதான் சேரும், 5.0-க்கு மேல் ஏறவே ஏறாது. புதுக் கார்டு ஏறும்போது பழைய இருபதாவது வெளியே போகும். அது உங்கள் சிறந்த எட்டில் ஒன்றா என்று ஆடப் போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். ஆமென்றால், சுமாராக ஆடினாலும் அன்று இண்டெக்ஸ் ஏறத்தான் செய்யும்.