டிராக்டர் இரும்பும் ஹாட் ராடும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“டிராக்டர் ஆக்சில்லா அண்ணாச்சி, இதெல்லாம் ஒடையவா போகுது?” என்று பேட்டைப் பக்கம் ஒரு காயலான் கடையில் ஒரு தம்பி கேட்டார். பழைய ஜீப் சேஸை (அடிச்சட்டத்தை) வைத்து அமெரிக்கப் பாணியில் ஒரு ஹாட் ராட், அதாவது வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார், கட்ட அவருக்கு ஆசை. நல்ல ஆசை. 1930களில் கலிபோர்னியாப் பையன்கள் பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, காய்ந்த ஏரிப்படுகைகளில் வேகம் பார்த்ததில் வளர்ந்த கலை அது. கையில் கிடைத்த இரும்பில் கட்டுவதுதான் அதன் அழகு. பழைய ஃபோர்டு டிராக்டரில் ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ராடை எடுத்து மாட்டுகிறவர்கள் அங்கேயும் உண்டு.

ஆனால், உழவில் உடையாத இரும்பு நான்குவழிச் சாலையிலும் உடையாது என்று நம்புவதுதான் முதல் தவறு. நம் வயல்களில் ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு சஸ்பென்ஷனே கிடையாது. முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் தொங்கி, வரப்பு ஏறும்போது இரண்டு பக்கமும் ஆடும், அவ்வளவுதான். குலுக்கலை வாங்கிக்கொள்வது டயரும் சீட்டு ஸ்பிரிங்கும். முன் சக்கரத்தில் பிரேக்கும் பொதுவாக இருக்காது. அது கனத்துக்குச் செய்த பொருள், வேகத்துக்குச் செய்ததல்ல. 25 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டி 75இல் போனால் வேகம் மூன்று மடங்கு, அதன் இயக்க ஆற்றலோ ஒன்பது மடங்கு.

அடுத்தது ஸ்பிரிங் பட்டை. டிரெய்லர் பட்டை டன் கணக்கில் நெல் மூட்டை சுமக்க அடுக்கியது. இலகுவான ஹாட் ராடுக்கு அடியில் அது அசையவே அசையாது, குழியின் அடி முழுதும் சேஸில் இறங்கும். அடுக்கைக் குறைக்கலாம். ஒரே கனமுள்ள எட்டுப் பட்டையில் நான்கை எடுத்தால் விறைப்பு ஏறக்குறைய பாதியாகும். கண் உள்ள மெயின் பட்டையையும் அதை ஒட்டிய இரண்டாவதையும் மட்டும் தொடக்கூடாது. பட்டையில் வெல்டிங் வைப்பதும், வளைவை மாற்ற கேஸில் காய்ச்சுவதும் கூடவே கூடாது. ஏன் என்று அரிவாள் அடிக்கும் கொல்லரிடம் கேளுங்கள். அவர் லாரிப் பட்டையைத்தான் உலையில் வைக்கிறார். சிவந்ததும் அதன் வில் குணம் போய்விடும்; அடித்து முடித்து, மறுபடி பதம் ஏற்றினால்தான் வாய் நிற்கும். நம் பட்டறையில் அந்தப் பதத்தை யார் ஏற்றுவது? வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒருநாள் பட்டை கண்ணாடி மாதிரி ஒடியும்.

வார்ப்பு இரும்பு பிராக்கெட்டை எஃகு என்று நினைத்து வெல்டு வைப்பதும் இதே கதைதான். கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். பொறி மங்கிய சிவப்பாக, குட்டையாக விழுந்தால் வார்ப்பு. நீண்டு பளிச்சென்று பறந்தால் எஃகு.

ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டின் டேப்பர் (கூம்பு முனை) பொருந்தாவிட்டால் தகடு சுற்றி இறுக்கிவிடாதீர்கள். அதற்கேற்ற ஸ்டீயரிங் ஆர்மை வாங்குங்கள், நட்டு கழலாமல் காக்கும் ஸ்ப்ளிட் பின் போடாமல் வண்டியை நகர்த்தாதீர்கள். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் மேல்முனை ஐந்து முதல் ஏழு டிகிரி பின்னால் சாய்ந்திருக்கட்டும். நிமிர்த்தி வைத்தால் வேகத்தில் வண்டி நேராகப் போகாமல் அலையும்.

சட்டத்தையும் முதலிலேயே பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் 2019இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் ஆர்சி விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கின்றன. இது பொதுச் சாலைக்கான வண்டியாக இருக்காது.

நான் அதிகம் வற்புறுத்துவது விரிசல் பார்ப்பதைத்தான். தொளியில் மூழ்கி மூழ்கி எழுந்த ஸ்டப் ஆக்சில் (சக்கரம் மாட்டும் குட்டை அச்சு), சீல் உட்காரும் இடத்தில் துரு தின்றிருக்கும். புதுப் பெயிண்ட் அதை மறைத்துவிடும். பெயிண்டைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவி வையுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியில் ஈரக்கோடாகத் தெரியும். அந்தத் தம்பியின் ஸ்டப்பில், தண்டு தொடங்கும் மூலையில், தலைமுடி மாதிரி ஒரு கோடு வந்தது. அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டப்பை எடைக்கே திருப்பிப் போட்டுவிட்டு, ஜீப்பின் சொந்த ஆக்சிலுக்குப் புது புஷ் வாங்கப் போனார். டிராக்டரிலிருந்து இப்போது அவர் வண்டியில் இருப்பது முன் கிரில் மட்டும்.