மெட்டல் பிக் வாங்கியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

மெட்டல் பிக் (கிட்டார் கம்பியை மீட்டும் சிறிய உலோகத் தகடு) வாங்கி ரெண்டு நாள் வாசித்துவிட்டு, “ஒரே கீச்சுக் கீச்சுன்னு இருக்கு, காது கூசுது” என்று கிட்டார் பெட்டியின் மூலையில் போட்டுவிடுகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் பிக் மேல் குற்றம் இருக்காது. பிளாஸ்டிக்குக்குப் பழகிய கையையும் ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) அமைப்பையும் அப்படியே வைத்துக்கொண்டு பிக்கை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

டோன், அதாவது ஓசையின் குணம், ஏன் மாறுகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். மெல்லிய நைலான் பிக் கம்பியைத் தள்ளும்போது தானும் வளைந்து, மெதுவாக வழுக்கி விலகுகிறது. கனமான உலோகம் வளைவதில்லை, அதனால் கம்பி சட்டென்று விடுபடுகிறது. தொடும் விளிம்பும் குறுகலாக இருந்தால் இழுபட்ட கம்பி அந்த இடத்தில் கூர்மையாக மடங்கி நிற்கும். அந்த மடிப்பு எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு உயர்ந்த ஹார்மோனிக்ஸ் (மூல ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் சுருதிகள்) கிளம்பும். விரல் சதையால் மீட்டினால் மெத்தென்று கேட்பதும் இதே கணக்கால்தான். சித்தார்க்காரர்கள் விரலில் மாட்டும் மிஸ்ராப் உலோகக் கம்பிதான். வீணை வாசிப்பவர்களிலும் பலர் கம்பி மாட்டிக்கொள்கிறார்கள். ஆக, கம்பியை உலோகத்தால் மீட்டுவது நமக்கு ஒன்றும் புதிதல்ல.

இப்போது தவறுகளுக்கு வருவோம். பரவலாக நடப்பது, பழைய பலத்திலேயே அடிப்பது. பிளாஸ்டிக் பிக் தானே வளைந்து உங்கள் கையின் வேகத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், உலோகம் அந்தச் சலுகையைத் தராது. எல்லாக் கம்பிகளையும் சேர்த்து வீசி ஸ்ட்ரம் செய்யும்போது கீழே இருக்கும் மெல்லிய கம்பிகள் மட்டும் துருத்திக்கொண்டு கேட்டால் கை கனமாக இருக்கிறது என்று அர்த்தம். பிடியைத் தளர்த்துங்கள். பிக் விரல்களுக்கு நடுவே லேசாக அசைய இடம் இருக்கட்டும். வளைந்து கொடுக்கும் வேலையை இனி பிக்குக்குப் பதிலாக உங்கள் விரல் செய்ய வேண்டும். நுனியும் நிறைய வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் தெரிந்தால் போதும்.

அடுத்தது, ஆம்பில் உயர்ந்த ஓசைகளைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் குமிழை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவது. பிக்கை மாற்றினால் ஆம்பையும் புதிதாகச் சரி செய்யத்தான் வேண்டும். கிட்டாரின் டோன் குமிழை ஆறு, ஏழுக்கு இறக்கிப் பாருங்கள். கிட்டாரின் உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் அடிக்கிற பழக்கம் இருந்தால் கையைக் கொஞ்சம் கழுத்துப் பக்கம் நகர்த்துங்கள், பாதிக் கூச்சம் அங்கேயே போய்விடும்.

விளிம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் இதை யாரும் சொல்வதில்லை. தகட்டிலிருந்து வெட்டி எடுக்கும் பிக்கில் வெட்டிய ஓரம் சில நேரம் பிசிறாகவே இருக்கும். பார்வைக்குத் தெரியாது. பிக்கின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தாலோ நகத்தில் கோடு விழுந்தாலோ அது பிக் இல்லை, ரம்பம். கம்பியையும் அது அப்படித்தான் அரிக்கும். தடித்த கம்பிகளில் சுற்றியிருக்கும் மெல்லிய சுற்று சீக்கிரம் தேய்ந்து பிரியும். கீச்சொலிக்கும் பெரும்பாலும் அந்தப் பிசிறு சுற்றுகளின் மேல் உரசுவதே காரணம். ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பரை (நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்துக் கண்ணாடி மேல் விரித்து, பிக்கின் இரண்டு முகத்து ஓரங்களையும் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். அப்புறம் இரண்டாயிரம் நம்பர். கடைசியாகப் பழைய ஜீன்ஸ் துணியில் நாலு இழுப்பு. அதே பிக் வேறு ஒன்றைப் போலக் கேட்கும். உலோகத்தை மாற்றுவதைவிட ஓரத்தை உருட்டுவதுதான் டோனை அதிகம் மாற்றுகிறது என்பது என் கட்சி.

இந்த வேலையைக் கிட்டாருக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள். எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அசைவை மின்குறியாக மாற்றும் பிக்கப்புக்குள் காந்தம் இருக்கிறது. எஃகுத் தூள் போய் அதில் ஒட்டிக்கொண்டால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

காந்தம் என்றதும் இன்னொன்று. எஃகு பிக் வாங்கும்போது ஃப்ரிட்ஜ் காந்தத்தை அதில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எலெக்ட்ரிக் கிட்டாரில் தொல்லைதான். பிக்கப் கேட்பது காந்தப்புலத்தின் அசைவை. கம்பி ஆடினாலும் சரி, ஒட்டுகிற பிக் பக்கத்தில் ஆடினாலும் சரி, அதற்கு எல்லாம் ஒன்றுதான். ஆம்பின் கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு) ஏற்றி வாசிக்கும்போது தேவையில்லாத டொக் டொக்கெல்லாம் ஸ்பீக்கரில் வரும். பித்தளை, செம்பு பிக்குகளில் இந்தச் சிக்கல் இல்லை. அவற்றில் வேறு சிக்கல்: வியர்வை பட்டால் களிம்பு ஏறும், விரலில் பச்சையும் வாடையும் ஒட்டும். பூஜைப் பாத்திரம் விளக்கும்போது கொஞ்சம் புளியை பிக்குக்கும் காட்டிவிட்டால் தீர்ந்தது.

காசால் வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான குயீனின் கிட்டார் கலைஞர் பிரையன் மே பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் காசால் வாசிப்பவர். அதைக் கேட்டுவிட்டு நம் ஆட்கள் ஒரு ரூபாயை எடுத்து முயற்சி செய்து ஏமாந்துபோகிறார்கள். ஆறு பென்ஸ் சுமார் 19 மில்லிமீட்டர் அகலம். 1947 முதல் அடித்தவை செம்பும் நிக்கலும் கலந்தவை, காந்தத்தில் ஒட்டாது. ஓரத்தில் நெருக்கமான வரிகள் உண்டு. இப்போதைய ஒரு ரூபாய் அதைவிட அகலமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், காந்தத்தில் ஒட்டும். காசிலேயே வாசித்துப் பார்க்க ஆசை என்றால் பழைய செம்பு நிக்கல் நாலணாவைத் தேடுங்கள். அதுவும் 19 மில்லிமீட்டர்தான், 2011 ஜூன் 30 முதல் செல்லாக் காசு. பின்னால் வந்த காண்டாமிருகம் போட்ட நாலணா ஸ்டீல், அது வேண்டாம்.

காசு கிடைத்துவிட்டால் பிரையன் மே டோனும் கிடைத்துவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. அவர் கையில் இருப்பது அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்த ரெட் ஸ்பெஷல் கிட்டார். கம்பிகள் மெல்லியவை. முன்னால் உயர்ந்த ஓசைகளைத் தூக்கிக் கொடுக்கும் ட்ரெபிள் பூஸ்டர், பின்னால் முழு வீச்சில் திணறும் வாக்ஸ் ஏசி30 ஆம்ப். காசை அவர் லேசாகத்தான் பிடிக்கிறார். கம்பிக்கு இணையாகத் தட்டையாக வைத்தால் தெளிவான ஓசை, சற்றே திருப்பினால் ஓரத்து வரிகள் உரசி வரும் கரகரப்பு. அந்தத் திருப்பம்தான் பழக வேண்டிய வித்தை. சாய்வை மாற்றி மாற்றி ஒரே கம்பியில் ஒரே ஸ்வரத்தை வாசித்துப் பாருங்கள், எவ்வளவு வித்தியாசம் என்று உடனே தெரியும்.

வீட்டில் தனியாக வாசித்து மட்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அறையில் கூர்மையாகத் தெரிகிற ஓசை டிரம்ஸும் பேஸும் சேர்ந்த பிறகு சரியான அளவில் நிற்கலாம். மைக் வைத்து அக்கூஸ்டிக் கிட்டாரைப் பதிவு செய்யும்போது நிலைமை தலைகீழ், ஒவ்வொரு ‘டிக்’கும் கணக்காக உள்ளே வந்துவிடும். ஸ்ட்ரம்மிங் பதிவுக்கு நான் மெட்டல் பிக்கைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அக்கூஸ்டிக்கில், பலகையைக் கீறலிலிருந்து காக்கும் பிக்கார்டைத் தாண்டிக் கை வீசுகிறவர்கள் பலகையையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேல் பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரம், மிருதுவானது, உலோகம் பட்ட கீறல் திரும்பாது. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாருக்கு மெட்டல் பிக் வேண்டவே வேண்டாம், கம்பியில் வெட்டு விழும். அதற்கு விரலும் நகமும் போதும்.