பக்கத்து வீடு விலைக்கு வந்தால்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

"வீட்டைக் கொடுத்துடலாம்னு இருக்கோம், வெளியாளுக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னுதான்..." காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இந்தப் பேச்சு வந்துவிட்டால் அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. திருச்சி உறையூரில் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த ஓட்டு வீடு அப்படித்தான் விலைக்கு வந்தது. கடைசியில் வாங்கினோம், ஆனால் 2 மாதத்தில் முடிய வேண்டியது 14 மாதம் இழுத்தது. அந்த இழுபறியில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

"முப்பது வருஷப் பழக்கம், இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று நினைப்பதுதான் முதல் தவறு, மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைவிட்டதுதான். தெரியாத ஊரில் மனை வாங்கினால் வில்லங்கம் போட்டுப் பார்ப்போம், மூலப்பத்திரம் கேட்போம், வக்கீலிடம் காட்டுவோம். பக்கத்து வீடு என்றால் பத்திரத்தைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நமக்குத் தெரிந்தது அந்த வீட்டு மனிதர்களைத்தான், அவர்கள் பீரோவில் இருக்கும் பத்திரத்தை நாம் ஒரு நாளும் பார்த்ததில்லை.

எங்கள் விஷயத்தில் நடந்தது இது. அந்த வீட்டு மாமா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார், மாமி அவருக்கு முன்பே போய்விட்டார். மூன்று மகன்களும் வந்து உட்கார்ந்து பேசினார்கள். எங்கள் அப்பா 2 லட்சம் ரூபாயை ரொக்கமாக எடுத்துக் கொடுத்து, கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒரு ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மகளைப் பற்றிக் கேட்டதற்கு, "அவளுக்கு அப்பவே நகை போட்டுக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தாச்சே" என்றார்கள். புதுக்கோட்டையில் இருந்த அந்த அக்காவுக்கு வீடு விலை பேசியதே தெரியாது. தெரிந்ததும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் சொந்தச் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு என்பது 1956-ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது, நகை போட்டது அந்தப் பங்கைக் கழிக்காது. அண்ணன் தம்பிகளுக்குள் பேசி முடித்து நாலு பேரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து சேர அத்தனை மாதம் ஆனது. அதுவரை 2 லட்சம் அந்தத் தாளை நம்பித்தான் கிடந்தது.

அதனால் வாரிசுச் சான்றிதழைப் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ். அதில் பெயருள்ள ஒவ்வொருவரிடமும் நீங்களே போனில் பேசுங்கள். மகன்களில் ஒருவர் ஏற்கெனவே இறந்திருந்தால் அவர் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் அந்தப் பங்கு உண்டு, குழந்தை மைனர் என்றால் அதன் பங்கை விற்கக் கோர்ட் அனுமதி வேண்டும். அப்புறம், வீடு மனை வியாபாரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. காசோலையாகக் கொடுத்து, கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்வதுதான் இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்றதும் நிம்மதியாகிவிடுவது இன்னொரு தவறு. பதிவானது மட்டும்தான் அதில் வரும். வீட்டை ஒருவருக்கு ஒத்திக்கு, அதாவது மாத வாடகைக்குப் பதில் மொத்தப் பணம் வாங்கிக்கொண்டு விட்டு, பதிவு செய்யாமல் 5 லட்சம் வாங்கியிருந்தால் அது எங்கே தெரியும்? குடியிருப்பவரிடமே போய், எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள், எப்போது முடிகிறது என்று கேட்க வேண்டும். ஒரிஜினல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், ஜெராக்ஸை மட்டும் காட்டினால் ஒரிஜினல் எங்காவது கடனுக்கு ஈடாக இருக்கிறதா என்று விசாரியுங்கள். பழைய கோயில் ஊர்களில் மனை யாருடையது என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும். காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் வீடு தன்னுடையது, அடிமனை கோயிலுடையது என்ற பிரச்சினையில் எத்தனையோ குடும்பங்கள் வருடக்கணக்காக அல்லாடுகின்றன.

டேப் வைத்து அளக்காமல் விலை பேசாதீர்கள். நாங்கள் சதுர அடி 4,000 என்று பேசியிருந்தோம். பத்திரத்தில் கிழமேல் 24 அடி, தென்வடல் 60 அடி. பத்திரம் எழுதுவதற்கு முந்தின வாரம் நானும் தம்பியும் டேப்பைப் பிடித்தோம், முன்பக்கம் இருபத்திரண்டரை அடிதான் வந்தது. பின்பக்கமும் அதேதான். அந்த வீட்டுக்கு மறுபக்கம் இருக்கும் வீட்டுக்காரர் எப்போதோ மாடிப்படி கட்டியபோது ஒன்றரை அடி உள்ளே வந்து, சுவரையும் நேராக இழுத்துக் கட்டியிருக்கிறார். 90 சதுர அடி, 3,60,000 ரூபாய். தினமும் பார்த்த சுவர், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. சர்வேயரை அழைத்து அளந்து, இருக்கிற அளவுக்கு மட்டும் பணம் கொடுத்து, பத்திரத்தில் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியையும் அதற்கேற்ப எழுதினோம்.

இனி கணக்குக்கு வருவோம். நம் வீட்டை ஒட்டிய இடம் நமக்குப் பெருமதிப்பு, வேறு யாருக்கும் அது தெருவில் ஒரு வீடு, அவ்வளவுதான். "இதை விட்டால் கிடைக்காது" என்று சந்தையைவிட 5 லட்சம் கூடக் கொடுத்தால் அது உங்கள் வசதிக்குக் கொடுத்த விலை, முதலீடு என்று சொல்லாதீர்கள். வசதிக்கு வாங்குவதில் தப்பில்லை, மகன் பக்கத்திலேயே குடியிருக்கலாம், பெற்றோரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாடகை வரும், கடன் தானாக அடைபடும் என்று நினைத்தால் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

வீடு 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5,40,000 தனி. வங்கி தன் மதிப்பீட்டில் அதிகபட்சம் 80 சதவீதம்தான் கொடுக்கும், பழைய கட்டிடமாக இருந்தால் மதிப்பீடே குறையும். 40 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 34,700. வாடகை 12,000 வருகிறது என்றால் மீதி 22,700 உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும், அதுவும் வீடு ஒரு மாதம்கூடக் காலியாக இல்லாமல் இருந்தால். சொத்து வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. போட்ட 60 லட்சத்துக்கு வருட வாடகை 1,44,000, அதாவது 2.4 சதவீதம். மனை விலை ஏறினால்தான் லாபம், ஏறாவிட்டால் வங்கி டெபாசிட்டே தேவலை.

விலை 50 லட்சத்தைத் தொட்டால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குகிற நீங்கள்தான். விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் குடியிருந்தால் அவர் பங்குக்கு அந்த 50 லட்ச வரம்பு கிடையாது, வரியும் பல மடங்கு கூடும். பிடிக்காமல் விட்டால் வருமான வரித் துறை கேட்பது உங்களைத்தான். பத்திரத்துக்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

யாரும் யோசிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வீடும் ஒரே தெருவில் இருந்தால் தெருவுக்கு வரும் கெடுதலும் இரண்டுக்கும் சேர்த்தே வரும். 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் நின்ற தெருக்களில் வீட்டுக்கு வீடு வித்தியாசம் இருக்கவில்லை. உங்கள் தெருவில் மழைக்குத் தண்ணீர் ஏறுமென்றால், கையிலிருக்கும் பணம் முழுவதையும் அங்கேயே போடலாமா என்று யோசிக்க வேண்டும்.

வாங்கின கையோடு நடுச்சுவரை இடித்துவிடாதீர்கள். மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, சொத்து வரி எண், பட்டா எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். நாளைக்கு மகள் படிப்புக்கோ மருத்துவச் செலவுக்கோ ஒன்றை மட்டும் விற்க நேர்ந்தால் அதுதான் கைகொடுக்கும். இரண்டுக்கும் பொதுவாக இருந்த சந்து, சாக்கடைப் பாதை உரிமை எல்லாம் இரண்டும் ஒரே ஆள் கைக்கு வந்ததும் சட்டப்படி அற்றுப்போகும், பிறகு ஒன்றை விற்கும்போது அவற்றைப் புதிதாகப் பத்திரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். நாங்கள் சுவரை அப்படியே விட்டு, கிணற்றடிப் பக்கம் இரண்டரை அடிக்கு ஒரு இரும்புக் கேட் மட்டும் வைத்திருக்கிறோம், அம்மா காலையில் அந்த வழியாகப் போய்த்தான் அந்த வீட்டு வாசலிலும் கோலம் போடுகிறார்.