உமரிக்கீரைக்கு உப்பு போடாதீர்கள்

கடலோரச் சதுப்புக் காடுகளின் ஓரத்தில், உவர்மண்ணில் உமரி அடர்ந்து வளரும். இலையா தண்டா என்று தெரியாதபடி குட்டிக் குட்டியாக, சதைப்பற்றோடு இருக்கும். விரலால் நசுக்கினால் நீர் கசியும். நாக்கில் வைத்தால் நல்ல கரிப்பு. கடலோர மக்கள் நெடுங்காலமாகவே இதைக் கீரையாகச் சமைத்து வருகிறார்கள்.

பச்சையாக இருக்கும் இளம் நுனிகளை மட்டும் கிள்ளுங்கள். சிவந்து முற்றியது நார் நாராக இருக்கும், வேண்டாம். நன்றாகக் கழுவி, நிறைய தண்ணீரில் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உப்பும், சிறுநீரகக் கல் உண்டாகக் காரணமாகும் ஆக்ஸாலிக் அமிலமும் ஓரளவு அதோடு போய்விடும். அப்புறம் பருப்போடோ தேங்காயோடோ சேர்த்துச் சமைக்கலாம். ருசி பார்க்காமல் உப்பைத் தொடாதீர்கள். பெரும்பாலும் தேவையே படாது. சிறுநீரகக் கல், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

சாக்கடையோ ஆலைக்கழிவோ கலக்கும் இடத்தில் பறிக்கவே கூடாது. இந்தச் செடி மண்ணிலுள்ள உலோகங்களையும் உறிஞ்சிக்கொள்ளும். பக்கத்திலேயே தில்லை மரம் நிற்கலாம், கவனம். கிளையை ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். செடியை நன்கு அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவரோடு போய் முதல்முறை பறியுங்கள்.