போன்ல குப்பை மேப்: பசங்களோட சேர்ந்து போடறது எப்படி?

சுற்றுச்சூழல் பாடம்னா போஸ்டர் ஒட்டறதோட முடிஞ்சிடுது, அதையே பசங்க கையில போனைக் குடுத்து நீங்களே சுத்திப் பாத்து மேப் போடுங்கன்னு விட்டா கதையே வேற. கோடிங் எதுவும் தெரிய வேணாம், போன்ல தகவல் பதிஞ்சு மேப்ல காட்டற எபிகலெக்ட்5-னு ஒரு இலவச ஆப் போதும்.

ஸ்டெப் 1: ஆப்பைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வியை முடிவு பண்ணுங்க. "குப்பை எங்க இருக்கு"ன்னு கேட்டா சும்மா புள்ளி வெச்சுட்டு வந்துடுவாங்க. "குப்பைத் தொட்டி பக்கத்துல இருந்தும் ஏன் கீழ கிடக்குது"ன்னு கேட்டுப் பாருங்க, கிளாஸ்லயே சண்டை ஆரம்பிச்சுடும், அந்தச் சண்டைதான் நமக்கு வேணும்.

ஸ்டெப் 2: கம்ப்யூட்டர்ல எபிகலெக்ட்5 சைட்டுக்குப் போய் கூகுள் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி புது ப்ராஜெக்ட் தொடங்கி ஃபார்ம் போடுங்க. லொகேஷன், போட்டோ, என்ன குப்பை (பிளாஸ்டிக், பேப்பர், சாப்பாடு, மத்தது), தொட்டி எத்தனை அடி தூரம். நாலே கேள்விதான். நான் முதல் தடவை ஆசைப்பட்டு 14 கேள்வி வெச்சேன், மூணாவது குப்பைக்கு மேல யாருமே ஒழுங்கா நிரப்பல.

ப்ராஜெக்ட்டைப் பப்ளிக்னு வெச்சா பசங்க லாகின் பண்ணாமலே அனுப்பலாம், ஆனா அந்த டேட்டாவை யார் வேணா பாக்கலாம், அதனால பேரு, முகம் தெரியற போட்டோ ரெண்டுமே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிடுங்க.

ஸ்டெப் 3: கிளம்பறதுக்கு முன்னாடி நெட் இருக்கற இடத்துல எல்லா போன்லயும் ப்ராஜெக்ட்டை இறக்கிடுங்க. வெளிய நெட் இல்லாட்டியும் வேலை நடக்கும், பதிஞ்சதெல்லாம் போன்லயே இருக்கும், திரும்பி வந்து அப்லோட் பண்ணிக்கலாம். ஜிபிஎஸ்ஸுக்கும் நெட் தேவையில்ல, போன் சாட்டிலைட் சிக்னலை வாங்க மட்டும்தான் செய்யுது, என்ன, முதல் தடவை இடத்தைப் பிடிக்க கொஞ்சம் நேரமாகும். மூணு பேருக்கு ஒரு போன் போதும், ஒருத்தர் போட்டோ, ஒருத்தர் தூரம் அளக்க, ஒருத்தர் டைப் பண்ண.

ஸ்டெப் 4: எல்லாரும் தப்பு பண்ற இடம் இதுதான். லொகேஷன் எடுக்கும்போது கீழ அக்யூரஸின்னு மீட்டர்ல ஒரு நம்பர் வரும் (காட்டற இடம் நிஜ இடத்துலேந்து சுமாரா எவ்வளவு தள்ளி இருக்கலாம்ங்கறதுதான் அது), அது 40, 50-ன்னு இருக்கும்போதே அவசரப்பட்டு சேவ் பண்ணிடுவாங்க. திறந்த வெளியில நல்ல போன் சுமாரா 5 மீட்டருக்குள்ள காட்டும், சுவரு ஓரமோ மரத்தடியோ போனா சிக்னல் பட்டுத் தெறிச்சு வரும், தடுபடும், அப்ப தப்பு ஏறும். 10-க்குக் கீழ வர்ற வரைக்கும் நின்னு திரும்பத் திரும்ப அப்டேட் பண்ணுங்க. அப்படியும் ஒண்ணு ரெண்டு புள்ளி மொட்டைமாடி மேல போய் உக்காந்திருக்கும், அழிச்சுடாதீங்க, "குப்பை எப்படிடா பறந்துச்சு"ன்னு கேளுங்க, ஜிபிஎஸ் பாடம் அங்கயே நடந்துடும்.

ஸ்டெப் 5: அப்லோட் பண்ணிட்டு சைட்ல மேப்பைத் திறந்து பெரிய ஸ்க்ரீன்ல காட்டுங்க. புள்ளி நெருக்கமா இருக்கற இடத்துல என்ன நடக்குதுன்னு பசங்களே சொல்லட்டும், நீங்க வாயைத் திறக்காதீங்க. ஒரு புள்ளியும் இல்லாத இடம் சுத்தமான இடமா, இல்ல யாருமே போகாத இடமான்னு மட்டும் கேட்டுடுங்க.

அவங்க சொல்ற இடத்துக்கு ஒரு தொட்டியை நகத்தி வெச்சுட்டு நாலு வாரம் கழிச்சு அதே ஃபார்ம்ல, அதே பாதையில, அதே நேரத்துல திரும்ப எடுங்க. பதிஞ்ச தேதி தானா சேர்ந்துடும், அதனால பழைய புள்ளியும் புதுப் புள்ளியும் குழம்பாது.