பட்டறை ஆட்களுக்கு விபத்து பாலிசி எடுப்பது எப்படி?

பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வேஸ்ட் துணியால் செயின் துடைப்பது எல்லா டூவீலர் பட்டறையிலும் நடப்பதுதான். எங்கள் கடைப் பையன் அப்படித் துடைத்தபோது துணியோடு விரலும் ஸ்பிராக்கெட்டுக்குள் போய்விட்டது. முறிவு. ஆறு வாரம் வேலை இல்லை. அவன் பெயரில் நானே கட்டிய பாலிசி இருந்தும் ஒரு ரூபாய் வரவில்லை. ஏன் என்பது மூன்றாவது படியில்.

1. இருபது ரூபாய் பாலிசி
பத்துப் பேருக்குக் குறைவான கடை என்றால் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) இருக்காது. அதனால் முதலில் வங்கியில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. வயது 18 முதல் 70 வரை, வருடத்துக்கு 20 ரூபாய். விபத்து மரணத்துக்கு 2 லட்சம். ஒரு கையோ காலோ கண்ணோ போனால் 1 லட்சம். விரல் முறிவுக்கும் ஆஸ்பத்திரி பில்லுக்கும் ஒன்றும் கிடையாது. மே கடைசியில் கணக்கில் பணம் இருக்கட்டும், அப்போதுதான் அந்த 20 ரூபாயைப் பிடிப்பார்கள்.

2. அதற்கு மேல் ஒன்று
என் சிபாரிசு சரல் சுரக்ஷா பீமா என்ற தனிநபர் விபத்துப் பாலிசி. 2021 முதல் விற்கிறார்கள். எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் விதிகள் ஒன்றுதான். நோட்டீஸ்களை வைத்து மண்டை காய வேண்டாம், பிரீமியத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

3. நான் கோட்டை விட்ட இடம்
அடிப்படை பாலிசியில் மரணமும் நிரந்தர ஊனமும் மட்டுமே. குணமாகும்வரை வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்டு, தனி பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். ஏஜென்ட் சொல்லவில்லை, நானும் படிக்கவில்லை. வாரத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 0.2 சதவீதம், அதிகபட்சம் 100 வாரம். 5 லட்சத்துக்கு எடுத்தால் வாரம் 1,000 ரூபாய்தான். மெக்கானிக் கூலிக்கு அது எந்த மூலைக்கு? 10 லட்சத்துக்குக் குறையாதீர்கள். ஆஸ்பத்திரிச் செலவும் இப்படித்தான், கேட்டால்தான் சேரும்.

4. தொழில் கட்டம்
விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் 'மெக்கானிக்' என்றே எழுதுங்கள். 'வியாபாரம்' என்று போட்டுவிட்டால் பின்னால் கிளெய்ம் தகராறுக்கு நாமே வழி விட்டதாகிவிடும்.

5. அடிபட்டால்
ஆஸ்பத்திரியின் முதல் சீட்டிலேயே எப்படி அடிபட்டது என்று எழுத வையுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேலை செய்ய முடியாது என்று டாக்டர் சான்றும் வாங்குங்கள். டிரையல் ஓட்டும்போது ரோட்டில் விழுந்தால் போலீஸில் புகார் அவசியம்.

பின்சேர்க்கை: இரண்டு வங்கிக் கணக்கில் 20 ரூபாய் பிடித்தால் 4 லட்சம் வருமா என்று சிலர் கேட்டார்கள். வராது. எத்தனை கணக்கு இருந்தாலும் 2 லட்சம்தான்; கூடுதலாகப் பிடித்த இருபது ரூபாயும் போனது போனதுதான்.